பழைய காரில் என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் இடையே எழும் சத்தங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்ஜினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டு சேர்ப்பவை கிளட்ச், கியர் பாக்ஸ், புரொப்பெல்லர் ஷாஃப்ட் (பின்சக்கரங்கள் தள்ளும் வண்டியில் சுழற்சியைப் பின்னால் கொண்டு செல்லும் நீண்ட தண்டு), டிஃபரன்ஷியல் (திருப்பத்தில் இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம்தரும் பற்சக்கரத் தொகுதி), ஆக்ஸில், வீல் பேரிங் ஆகியவை. இவற்றில் எழும் சத்தங்களைப் பற்றியவை கீழுள்ள கேள்விகள். மாருதி 800, ஜென், சான்ட்ரோ, இண்டிகா போன்று முன்சக்கரங்கள் இழுக்கும் கார்களையும், அம்பாசடர், பிரீமியர் பத்மினி, ஆம்னி, குவாலிஸ், சுமோ போன்று பின்சக்கரங்கள் தள்ளும் வண்டிகளையும் கருத்தில் கொண்டு விடைகள் எழுதப்பட்டுள்ளன. ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் உள்ள வண்டிகளுக்குக் கிளட்ச், கியர் பாக்ஸ் பற்றிய பகுதிகள் பொருந்தா.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டுபிடிக்க எங்கே தொடங்குவது?

சத்தம் எப்படி இருக்கிறது என்று யோசிப்பதற்கு முன்னால், அது எதைப் பின்தொடர்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரே பேரிங்கின் சத்தம் ஒருவர் காதுக்கு உறுமலாகவும் இன்னொருவர் காதுக்கு ரீங்காரமாகவும் படும். ஆனால் அது என்ஜின் சுழற்சியோடு ஏறி இறங்குகிறதா, வண்டியின் வேகத்தோடு ஏறி இறங்குகிறதா, ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் மாறுகிறதா என்பதில் இருவரும் ஒரே விடையைத்தான் சொல்வார்கள்.

முதலில் வண்டியை நிறுத்திய நிலையில், நியூட்ரலில், என்ஜினை மெல்ல உயர்த்திப் பாருங்கள். அதே சத்தம் வந்தால் என்ஜின், கிளட்ச், கியர் பாக்ஸின் முன்பகுதி ஆகியவற்றுக்குள் தேடினால் போதும். சக்கரப் பக்கம் போகவே வேண்டாம். நின்ற நிலையில் வரவில்லை என்றால் சமதளச் சாலையில் 40 கி.மீ. வேகத்தை மூன்றாவது கியரில் பிடித்து, பிறகு அதே வேகத்தை நான்காவது கியரில் பிடியுங்கள். கியர் மாறியதும் சத்தத்தின் சுருதி இறங்கினால் அது என்ஜின் சுழற்சியைச் சார்ந்தது. சுருதி மாறாமல் இருந்தால் கியர் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் ஏதோ ஒன்று. மூன்றாவதாக, அதே வேகத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தியும், முழுதாக விட்டும், வண்டி இழுக்கவும் இல்லை தடுக்கவும் இல்லை என்ற அளவில் மெல்லப் பிடித்தும் பாருங்கள். பற்சக்கரங்களும் ஜாயிண்டுகளும் இந்த மூன்று நிலைக்கும் மூன்று விதமாகப் பதில் சொல்லும். வீல் பேரிங்கும் டயரும் பெரும்பாலும் கண்டுகொள்ளா.

மெக்கானிக் கடைகளில் “பேரிங் போயிடுச்சு சார்” என்று முதல் நிமிடத்திலேயே சொல்லப்படும் தீர்ப்புகளில் பல, இந்த மூன்று சோதனைகளில் ஒன்றைக்கூடச் செய்யாமல் சொல்லப்படுபவை.

ஓடும்போது நியூட்ரலுக்குத் தள்ளிப் பார்ப்பது பயன் தருமா?

தரும். வெறிச்சோடிய நேரான சாலையில் 50 அல்லது 60 கி.மீ. வேகத்தில் நியூட்ரலுக்கு மாற்றி வண்டியைத் தானாக ஓட விட்டால், சுமையால் எழுந்த சத்தங்கள் அடங்கிவிடும். சக்கரம், டயர், பேரிங் ஆகியவற்றின் சத்தம் தொடரும். பின்சக்கர வண்டியில் புரொப்பெல்லர் ஷாஃப்டும் கியர் பாக்ஸின் பின்பக்க பேரிங்கும் அப்போதும் சுழன்றுகொண்டுதான் இருக்கும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். என்ஜினை மட்டும் எக்காரணம் கொண்டும் அணைக்கக் கூடாது. அணைத்தால் ஓரிரு மிதிகளுக்குப் பிறகு பிரேக் பூஸ்டரின் உதவி கிடைக்காது. சாவியை ஒரு படி கூடுதலாகத் திருப்பிவிட்டால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும். இறக்கத்தில் இந்தச் சோதனையே வேண்டாம்.

‘டிக் டிக்’ என்று தாளம் போல வருகிறது. தாளத்தை வைத்து ஏதாவது சொல்ல முடியுமா?

நிறையவே சொல்ல முடியும். 12 அங்குலச் சக்கரம் உள்ள சிறிய காரின் டயர் ஒரு சுற்றுக்கு 1.6 முதல் 1.7 மீட்டர் வரை உருளும். ஆகவே மணிக்கு 6 கி.மீ. வேகத்தில், அதாவது ஒருவர் பக்கத்தில் விரைந்து நடந்து வரக்கூடிய வேகத்தில், சக்கரம் நொடிக்கு ஏறத்தாழ ஒரு சுற்று சுற்றும். அம்பாசடர் போன்று 15 அங்குலச் சக்கரம் உள்ள வண்டிக்கு அதே தாளம் 7 கி.மீ.-க்குச் சற்று மேலே கிடைக்கும். இந்த வேகத்தில் நொடிக்கு ஒரு ‘டிக்’ கேட்டால் அது சக்கரத்தோடு சுற்றும் பொருள்: டயரில் ஏறிய ஆணி, டிரெட் இடுக்கில் சிக்கிய ஜல்லி, பிரேக் டிரம்மின் உரசல், தளர்ந்த வீல் நட். நொடிக்கு நான்கைப் போலக் கேட்டால், டிஃபரன்ஷியல் விகிதம் (சக்கரம் ஒரு முறை சுற்ற ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றுகிறது என்ற கணக்கு) நான்கை ஒட்டி இருக்கும் பின்சக்கர வண்டியில், அது புரொப்பெல்லர் ஷாஃப்டோடு சுற்றும் பொருள்.

அதிர்வுக்கும் இதே கணக்குதான். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் அந்தச் சிறிய சக்கரம் நொடிக்கு 10 சுற்று சுற்றுகிறது என்றால் ஷாஃப்ட் 40 சுற்று, அதாவது நிமிடத்துக்கு 2400 சுற்று சுற்றுகிறது. சக்கரத்தின் சமநிலைக் கோளாறு கைகளுக்கு ஆட்டமாகத் தெரியும். ஷாஃப்டின் கோளாறு சீட்டிலும் தரையிலும் மெல்லிய நடுக்கமாகப் பரவும். செல்பேசியைக் கால் வைக்கும் தரையில் வைத்துப் பதிவு செய்து, அலைவெண் காட்டும் செயலியில் போட்டுப் பார்த்தால் இந்த எண்களைக் கண்ணாலேயே ஒப்பிடலாம். கணக்கு மட்டும் உங்கள் வண்டியின் அளவுகளுக்கு உரியதாக இருக்க வேண்டும்.

முன்சக்கரக் காரில் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்துத் திரும்பும்போது ‘டக் டக் டக்’ என்று வருகிறது. காரணம் என்ன?

பெரும்பாலும் வெளிப்பக்க சி.வி. ஜாயிண்ட், அதாவது சக்கரம் ஒடிந்த நிலையிலும் சுழற்சியைச் சீராகக் கடத்தும் இணைப்பு. சக்கரத்தை ஒட்டியிருக்கும் இந்த ஜாயிண்டின் உள்ளே பொதுவாக ஆறு எஃகு உருண்டைகள் கூண்டு ஒன்றில் அமர்ந்து, உள்வளையத்துக்கும் வெளிக்கிண்ணத்துக்கும் இடையே வெட்டப்பட்ட பள்ளங்களில் ஓடுகின்றன. ஆல்ஃபிரட் ரெப்பா என்ற பொறியாளர் 1920-களில் வடிவமைத்த அமைப்பின் வழிவந்தது இது. நேராக ஓடும்போது உருண்டைகள் பள்ளத்தின் நடுவிலேயே நிற்பதால் அங்கு குழி விழுந்தாலும் நமக்கு எதுவும் தெரியாது. சக்கரம் ஒடியும்போதுதான் அவை பள்ளத்தில் முன்னும் பின்னும் ஓடிக் குழியின் விளிம்பை ஏறி இறங்குகின்றன. அதனால்தான் சத்தம் திருப்பத்தில் மட்டும், அதிலும் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் பலமாகக் கேட்கிறது.

காலி மைதானத்தில் முதல் கியரில் இடம் புறமாக ஒரு வட்டம், வலம் புறமாக ஒரு வட்டம், பிறகு ரிவர்ஸில் அதே இரண்டு வட்டங்கள் ஓட்டிப் பாருங்கள். கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஒரு காம்பவுண்டுச் சுவரை ஒட்டி மெல்ல ஓட்டினால் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியில் எந்தப் பக்கம் என்பது தெளிவாகும். திரும்பும்போது இரு பக்க ஜாயிண்டுகளும் ஒடிவதால், எந்தத் திசையில் சத்தம் கூடுகிறது என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், வெளியே ஒருவரை நிறுத்திக் கேட்கச் சொல்வது நல்லது.

கியர் பாக்ஸை ஒட்டிய உள்பக்க ஜாயிண்டின் நடத்தை வேறு. அது மூன்று உருளைகள் கொண்ட அமைப்பாக இருக்கும் வண்டிகளில், தேய்ந்த பிறகு ‘டக் டக்’ வருவதில்லை. நேரான சாலையில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது வண்டியின் முன்பகுதி பக்கவாட்டில் குலுங்கும், காலை எடுத்தவுடன் குலுக்கல் நின்றுவிடும். இதை வீல் பேலன்ஸிங் கோளாறு என்று எண்ணி மறுபடி மறுபடி பேலன்ஸ் செய்துகொண்டிருப்பவர்கள் பலர். பேலன்ஸிங் கோளாறாக இருந்தால் காலை எடுத்த பிறகும் அந்த வேகம் குறையும் வரை ஆட்டம் தொடரும்.

சி.வி. ஜாயிண்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்திருக்கிறது, ஆனால் சத்தம் இல்லை. என்ன செய்வது?

உடனே கழற்றிக் கழுவி, புதிய கிரீஸ் நிரப்பி, புதிய பூட் போட்டுவிடுங்கள்; அநேகமாக ஜாயிண்ட் பிழைத்துவிடும். சத்தம் வந்த பிறகு பூட் மட்டும் மாற்றுவது வீண். கிழிசலைக் கண்டுபிடிப்பது எளிது: சக்கரத்தின் உட்புறத்திலும் அருகிலுள்ள சஸ்பென்ஷன் கம்பிகளிலும் கறுப்பு கிரீஸ் வட்டமாகத் தெறித்திருக்கும். இந்த ஜாயிண்டுகளுக்கு மாலிப்டினம் கலந்த கறுப்பு கிரீஸ்தான் போட வேண்டும். வீல் பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ் அல்ல.

வேகம் கூடக் கூட ஒரே சீராக ‘ஊம்’ என்ற இரைச்சல் கூடுகிறது. வீல் பேரிங்கா, டயரா?

இரண்டுக்கும் இடையேதான் மிகுதியான குழப்பம் நேர்கிறது. அதனால்தான் நல்ல பேரிங்குகள் பல குப்பைக்குப் போகின்றன. டயரின் சத்தம் சாலையின் மேற்பரப்பைப் பொறுத்து மாறும். புதிதாகப் போட்ட வழவழப்பான தார்ச்சாலையில் அடங்கி, சொரசொரப்பான சாலையிலும் கான்கிரீட்டிலும் குணம் மாறினால் டயரையே முதலில் சந்தேகிக்க வேண்டும். டயரின் மேல் உள்ளங்கையைச் சுற்றுவாட்டில் முன்னும் பின்னும் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுக்கி, மறு திசையில் ரம்பம் போலக் கையைக் கீறினால் டிரெட் கட்டைகள் சாய்வாகத் தேய்ந்திருக்கின்றன என்று பொருள். ஷாக் அப்சார்பர் ஓய்ந்துபோன பழைய வண்டிகளில் டயர் அங்கங்கே பள்ளம் பள்ளமாகத் தேய்ந்து, அசல் பேரிங் சத்தம் போலவே இரையும். முன் டயர்களைப் பின்னால் போட்டு ஓட்டிப் பார்ப்பது செலவில்லாத சோதனை: சத்தமும் பின்னால் போனால் விடை கிடைத்துவிட்டது.

பேரிங்கின் சத்தம் சாலையைப் பார்த்து மாறாது; சுமையைப் பார்த்து மாறும். 50 கி.மீ. வேகத்தில், போக்குவரத்து இல்லாத இடத்தில், ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாக மெல்ல அசைத்துப் பாருங்கள். வலப்பக்கம் திரும்பும்போது எடை இடப்பக்கச் சக்கரங்களில் ஏறுகிறது. அப்போது இரைச்சல் கூடினால் இடப்பக்க பேரிங்கும், இடப்பக்கம் திரும்பும்போது கூடினால் வலப்பக்க பேரிங்கும் சந்தேகத்துக்கு உரியவை. பெரும்பாலும் இது சரியாக வரும். இருந்தாலும் இதை மட்டும் நம்பிப் பாகத்தை வாங்கிவிடக் கூடாது.

அப்படியென்றால் எந்த பேரிங் என்பதை உறுதி செய்வது எப்படி?

சமதளத்தில் மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, சந்தேகத்துக்குரிய சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டின் மேல் இறக்கி நிறுத்துங்கள். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து அசைத்தால் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். பிரேக் பெடலை ஒருவர் அழுத்திப் பிடிக்கும்போது அந்த ஆட்டம் மறைந்தால் அது பேரிங். மறையாவிட்டால் சஸ்பென்ஷனின் பால் ஜாயிண்ட் அல்லது புஷ். பிறகு ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, மறு கையின் விரல்களை அந்தச் சக்கரத்தின் காயில் ஸ்பிரிங் மேல் வையுங்கள். நல்ல பேரிங் சுற்றும்போது ஸ்பிரிங்கில் எதுவும் தெரியாது. குழி விழுந்த பேரிங் சுற்றும்போது மணல் அரைபடுவது போன்ற நடுக்கம் விரல் நுனியில் ஏறும். காதுக்கு எட்டாத தொடக்கநிலைத் தேய்மானத்தைக்கூட இப்படிப் பிடிக்கலாம். பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங் உள்ள அம்பாசடர் போன்ற வண்டியில் ஆக்ஸில் முனையில் நீண்ட ஸ்க்ரூடிரைவரின் நுனியை வைத்து, பிடியைக் காதெலும்பில் அழுத்திக் கேட்பதுதான் வழக்கம்.

என்ஜினை ஓடவிட்டு, கியர் போட்டு, சக்கரத்தைச் சுழலச் செய்து கேட்பதைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடுவது நல்லது. இழுவைச் சக்கரங்களில் ஒன்று மட்டும் தரையைவிட்டு எழும்பியிருந்தால் டிஃபரன்ஷியல் அந்த ஒன்றையே இரு மடங்கு வேகத்தில் சுற்றும். மீட்டர் 30 காட்டும்போது சக்கரம் 60-இல் ஓடிக்கொண்டிருக்கும். இதில் வண்டி ஸ்டாண்டிலிருந்து நழுவும் ஆபத்து ஒரு பக்கம், டிஃபரன்ஷியலின் உள்பற்கள் சூடேறிப் பிடித்துக்கொள்ளும் ஆபத்து இன்னொரு பக்கம்.

கிளட்ச் பெடலை அழுத்தினால் சத்தம் வருகிறது. இன்னொரு வண்டியில் அழுத்தினால் சத்தம் நிற்கிறது. இரண்டும் ஒன்றா?

நேர் எதிரானவை. நியூட்ரலில், பெடலில் கால் வைக்காதபோது கரகரப்பு கேட்டு, பெடலை அழுத்தியதும் அது நின்றுவிட்டால், கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் (என்ஜின் சுழற்சி உள்ளே நுழையும் தண்டு) பேரிங்கோ லேஷாஃப்ட் (அந்தச் சுழற்சியை மற்றப் பற்சக்கரங்களுக்குக் கடத்தும் துணைத் தண்டு) பேரிங்கோ தேய்ந்திருக்கிறது. பெடலை அழுத்தும்போது என்ஜினில் இருந்து கியர் பாக்ஸ் பிரிந்து உள்ளிருக்கும் ஷாஃப்டுகள் நிற்பதால் சத்தமும் நிற்கிறது. பெடலை ஓர் அங்குலம் மெல்ல அழுத்தியவுடன் ‘சீ’ என்று தொடங்கினால் கிளட்சை விலக்கும் ரிலீஸ் பேரிங். பெடலை முழுதாக அழுத்தி, முதல் கியரும் போட்டு, வண்டி நின்றுகொண்டிருக்கும்போது மட்டும் கீச்சிட்டால், ஃபிளைவீல் (என்ஜினின் பின்முனையில் சுழலும் கனமான சக்கரம்) நடுவில், இன்புட் ஷாஃப்டின் நுனியைத் தாங்கும் பைலட் பேரிங் அல்லது புஷ் உள்ள வண்டிகளில் அதுதான் காரணம்.

என்ஜின் நிதானமாக ஓடும்போது மட்டும் ‘கடகட’ என்று வந்து, சற்று உயர்த்தியவுடன் மறைவது வேறு வகை. கிளட்ச் டிஸ்க்கின் நடுவில் இருக்கும் சிறிய ஸ்பிரிங்குகள் தளர்ந்தாலும் உடைந்தாலும் இப்படி வரும். என்ஜினின் நிதான ஓட்டம் சீராக இல்லாத வண்டியில் நல்ல கியர் பாக்ஸும் இதே போலக் கடகடக்கும் என்பதால், கியர் பாக்ஸை இறக்கும் முன் என்ஜினின் ட்யூனிங்கைச் சரிசெய்து பார்க்க வேண்டும்.

ஒரு கியரில் மட்டும் சத்தம் வந்தால்?

அந்தக் கியருக்கு உரிய பல்லிணை தேய்ந்திருக்கிறது. எல்லாக் கியரிலும் வந்தால் பேரிங் அல்லது எண்ணெய்க் குறைவு.

பின்சக்கர வண்டிகளுக்கு மட்டும் பொருந்தும் அருமையான சோதனை ஒன்று உண்டு. அம்பாசடர் போன்ற நான்கு கியர் பெட்டிகளில் நான்காவது கியர் நேரடி கியர். அதில் என்ஜினின் விசை லேஷாஃப்ட் வழியாகச் சுற்றிப் போகாமல் நேராகப் பின்னால் போய்விடுகிறது. முதல் மூன்று கியர்களிலும் உறுமிய பெட்டி நான்காவதில் மட்டும் அமைதியானால் லேஷாஃப்டும் அதன் பேரிங்குகளும்தான் காரணம் என்று பெட்டியைத் திறக்காமலே சொல்லிவிடலாம். முன்சக்கரக் கார்களின் பெட்டியில் இத்தகைய நேரடி கியர் பொதுவாக இல்லாததால் இந்த விதி அங்கே செல்லாது.

வண்டியை எடுக்கும்போதும் கியர் மாற்றும்போதும் அடியில் ‘டங்’ என்று ஒரு இடி இடிக்கிறது. என்ன பார்க்க வேண்டும்?

எங்கோ தேங்கியிருக்கும் இடைவெளி, சுமை திரும்பும்போது ஒரே அடியில் மூடிக்கொள்ளும் சத்தம் அது. பின்சக்கர வண்டியில் வரிசையாகப் பார்க்க வேண்டியவை யூ.ஜே. கிராஸ் (புரொப்பெல்லர் ஷாஃப்டின் முனையில் இரு கவைகளை இணைக்கும் சிலுவை வடிவ இணைப்பு), ஷாஃப்டின் ஸ்ப்ளைன் (நீளம் கூடிக் குறைய இடம்தரும் பல்வெட்டு), டிஃபரன்ஷியலின் பினியனுக்கும் (ஷாஃப்டோடு சுற்றும் சிறிய பற்சக்கரம்) கிரவுனுக்கும் (பினியன் சுழற்றும் பெரிய பற்சக்கரம்) இடையிலான பிளே, அதாவது இடைவெளி, லீஃப் ஸ்பிரிங்கின் யூ-போல்ட், என்ஜினைத் தாங்கும் மவுண்டிங். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, ஷாஃப்டைக் கையால் இருபுறமும் திருகிப் பாருங்கள். கிராஸின் இரு பக்கத்துக் கவைகளையும் சேர்த்துப் பிடித்துத் திருகும்போது ஒன்று நகர்ந்து மற்றது தாமதமாக நகர்ந்தால் கிராஸ் தேய்ந்திருக்கிறது. கவைகள் இரண்டும் ஒன்றாகவே நகர்ந்து, பிறகு பினியன் பக்கத்தில் ‘டொக்’ என்று கேட்டால் பிளே டிஃபரன்ஷியலில் இருக்கிறது.

முன்சக்கரக் கார்களில் இந்த இடியின் முதல் காரணம் மவுண்டிங் ரப்பர். பானெட்டைத் திறந்து வைத்து, கைப்பிரேக்கும் கால் பிரேக்கும் அழுத்திப் பிடித்து, முதல் கியரிலும் ரிவர்ஸிலும் மாறி மாறி கிளட்சைச் சற்றே விடும்போது என்ஜின் தாவி எழுந்தால் ரப்பர் கிழிந்துவிட்டது. பார்ப்பவர் வண்டிக்கு முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் நிற்க வேண்டும்.

பின்சக்கர வண்டியில் மெதுவாகப் போகும்போது குருவி கத்துவது போல ‘கீச் கீச்’ என்று வருகிறது.

யூ.ஜே. கிராஸில் கிரீஸ் வற்றிவிட்டது. மூடிகளுக்குள் இருக்கும் ஊசி உருளைகள் காய்ந்து துருப்பிடித்து எழுப்பும் சத்தம் அது. வேகம் கூடினால் மற்ற இரைச்சலில் மறைந்துபோகும், ஆனால் சரியாகிவிட்டது என்று பொருள் அல்ல. கிராஸின் மூடி ஓரத்தில் செந்நிறப் பொடி படிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். கிரீஸ் அடிக்கும் நிப்பிள் உள்ள கிராஸானால் நான்கு மூடிகளிலும் புது கிரீஸ் பிதுங்கி வரும் வரை அடிக்க வேண்டும். மூன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால் அந்த ஒன்று ஏற்கெனவே பட்டினி கிடந்திருக்கிறது, கிராஸை மாற்றிவிடுவதே முறை.

கழற்றும் முன் ஷாஃப்டிலும் அது போல்ட்டால் பூட்டப்படும் ஃபிளாஞ்சிலும், ஸ்ப்ளைனின் இரு பகுதிகளிலும் வெள்ளை பெயிண்டால் அடையாளமிடுங்கள். கோணத்தில் ஓடும் கிராஸ் ஒவ்வொரு சுற்றிலும் பின்பக்க ஷாஃப்டை இரண்டு முறை வேகப்படுத்தி இரண்டு முறை தாமதப்படுத்துகிறது. ஷாஃப்டின் இரு முனைக் கவைகளும் ஒரே வாக்கில் இருக்கும்போதுதான் ஒன்றின் ஏற்ற இறக்கத்தை மற்றது ஈடு செய்கிறது. ஸ்ப்ளைனை ஒரு பல் தள்ளிப் பூட்டினாலே, புது கிராஸ் போட்ட வண்டி பழையதைவிட மோசமாக நடுங்கும்.

‘ஹவுசிங் (டிஃபரன்ஷியல் அமர்ந்திருக்கும் பின் ஆக்ஸில் கூடு) கத்துகிறது’ என்கிறார்கள். டிஃபரன்ஷியல்தான் என்று எப்படி உறுதி செய்வது?

ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் ஊளையிட்டு, காலை எடுத்ததும் நின்றால் கிரவுன், பினியன் பற்களின் இழுவைப் பக்கம் தேய்ந்திருக்கிறது அல்லது பற்கள் பொருந்தும் இடம் தவறியிருக்கிறது. காலை எடுத்து என்ஜின் பிரேக்கில் வரும்போது மட்டும் ஊளையிட்டால் பல்லின் மறுபக்கம், அல்லது முன் இறுக்கம் தளர்ந்த பினியன் பேரிங். இரண்டு நிலையிலும் சொரசொரப்பான உறுமலாக வந்தால் பினியன் பேரிங்கை முதலில் பார்க்க வேண்டும். சக்கரத்தைவிடப் பினியன் ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் சுற்றுவதால் அதன் சத்தம் வீல் பேரிங்கைவிடச் சுருதி உயர்ந்திருக்கும். நேராகப் போகும்போது அமைதியாக இருந்து திருப்பத்தில் மட்டும் அரைபடுவது, உள்ளிருக்கும் சிறிய பற்சக்கரங்களும் அவற்றின் வாஷர்களும். நேரான ஓட்டத்தில் அவை ஒன்றோடொன்று உருளாமல் சும்மா இருப்பதே அதற்குக் காரணம்.

அந்தச் சத்தத்துக்காக டிஃபரன்ஷியலைத் திறக்கத்தான் வேண்டுமா?

பல ஆண்டுகளாக ஒரே அளவில், குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் மெல்லக் கேட்டு வரும் ஊளைக்காக நான் திறக்கச் சொல்ல மாட்டேன். எண்ணெயின் அளவைப் பார்த்து, மாற்றி, அப்படியே ஓட்டலாம். சத்தம் சில வாரங்களில் கூடிக்கொண்டே போனாலோ, எண்ணெய் வடிக்கும்போது செதில்கள் வந்தாலோ திறக்க வேண்டும். வடிகால் போல்ட்டில் காந்தம் இருந்தால் அதில் படிந்திருக்கும் சாம்பல் நிறப் பசை இயல்பான தேய்மானம். நகத்தால் எடுக்கக்கூடிய துண்டுகள் இயல்பு அல்ல.

திறந்தால் அரைகுறை வேலைக்கு இடமில்லை. கிரவுனும் பினியனும் தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தப்பட்ட ஜோடி. ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது. பினியன் எவ்வளவு ஆழத்தில் நிற்க வேண்டும் என்பதை ஷிம்மும் (மெல்லிய உலோக வளையம்), பற்களுக்கிடையே எவ்வளவு பிளே என்பதை டயல் கேஜும் (நுண்ணிய அசைவை அளக்கும் முள் கருவி) தீர்மானிக்க வேண்டும். இந்த பிளே பல சிறிய வண்டிகளில் 0.10 முதல் 0.20 மி.மீ. வரை இருக்கும், ஆனாலும் அந்தந்த வண்டியின் கையேட்டு அளவே முடிவானது. பல்லில் நீல மையைத் தடவிச் சுற்றிப் பார்த்து, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று காட்டச் சொல்லுங்கள். டயல் கேஜ் இல்லாத கடையில் இந்த வேலையைக் கொடுப்பதைவிட, ஊளையோடு ஓட்டுவது மேல். முன்சக்கரக் கார்களில், என்ஜின் குறுக்காக நிற்கும் அமைப்பில், கடைசி இணை சாதாரணச் சாய்பல் சக்கரங்களாகவே இருப்பதால் இந்தச் சிக்கல் எழுவதில்லை.

எந்த எண்ணெய் போடுவது? கெட்டியான எண்ணெய் போட்டால் சத்தம் குறையும் என்கிறார்களே?

குறையும், தேய்மானம் குறையாது. கையேடு சொல்லும் தரமே சரி. பின் ஆக்ஸிலில் கிரவுனின் மையத்துக்குக் கீழே பினியன் பொருந்தும் ஹைப்பாய்டு வகைப் பற்கள் உருள்வதோடு சறுக்கவும் செய்வதால், அவற்றுக்கு ஜிஎல்-5 (கியர் எண்ணெய்க்கான தரக் குறியீடு) தர எண்ணெய், வழக்கமாக 80டபிள்யூ-90 அல்லது 90 கெட்டித்தன்மையில், தேவைப்படுகிறது. அதே ஜிஎல்-5 எண்ணெயை, ஜிஎல்-4 கேட்கும் கியர் பாக்ஸில் ஊற்றக் கூடாது. அதிலுள்ள கந்தகச் சேர்மங்களில் சில, கியர் மாறும்போது பற்சக்கரங்களின் வேகத்தைச் சமன்செய்யும் பித்தளை சிங்க்ரோனைசர் வளையங்களை அரிக்கக்கூடியவை, மேலும் அந்த வழவழப்பில் வளையங்கள் பிடிக்காமல் கியர் விழும்போது உரசும். ஊளையிடும் பெட்டியில் மரத்தூளைக் கலந்து விற்றுவிடுவது உலகெங்கும் உள்ள பழைய தந்திரம். பழைய வண்டி வாங்கும்போது எண்ணெய் ஊற்றும் போல்ட்டைத் திறந்து விரலை விட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

வெள்ளத்தில் நின்ற வண்டியில் சில மாதங்கள் கழித்துச் சத்தம் தொடங்கியது. தொடர்பு உண்டா?

உண்டு. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் வண்டிகள் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. என்ஜினையும் ஒயரிங்கையும் சரிசெய்தவர்களில் பலர் ஆக்ஸிலையும் கியர் பாக்ஸையும் திறந்து பார்க்கவில்லை. இப்பெட்டிகளின் மேல் காற்று வெளியேற ஒரு சிறிய துளை, பிரீதர், இருக்கும். ஓடிச் சூடான ஆக்ஸில் தண்ணீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கி, அந்தத் துளை வழியாகவும் ஆயில் சீல் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. எண்ணெய் பால் கலந்த காபியின் நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. மாற்றி, சிறிது தூரம் ஓட்டி, மீண்டும் ஒரு முறை மாற்ற வேண்டும். பேரிங்குகளில் தண்ணீர் நின்ற நாள்களில் உருளைகள் தொட்டுக்கொண்டிருந்த இடங்களில் வரிசையாகத் துருக்கோடுகள் விழுந்திருக்கும். அவைதான் மாதங்கள் கழித்துக் குழியாகிச் சத்தம் எழுப்புகின்றன. அந்த நிலைக்கு வந்த பேரிங்கைக் கழுவிக் கிரீஸ் போட்டுப் பயன் இல்லை.

நெடுநாள் ஓடாமல் நின்ற வண்டியை எடுத்ததும் ‘தப் தப்’ என்கிறது.

டயர் நின்ற இடத்தில் தட்டையாகியிருக்கும். சில கிலோமீட்டர் ஓடிச் சூடானதும் குறைந்துகொண்டே வந்தால் அதுதான். குறையாவிட்டால் டயரின் உள் இழைகள் விட்டுப்போய்ப் புடைத்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

பழுதே இல்லாமல் ஏமாற்றும் சத்தங்கள் எவை?

கேபிளில் இயங்கும் ஸ்பீடோமீட்டர் உள்ள பழைய வண்டிகளில், கேபிள் காய்ந்தால் வேகத்தோடு ஏறும் கீச்சொலி வரும். முள்ளும் சேர்ந்து துடிக்கும். அதைக் கழற்றிவிட்டு ஓட்டினால் தெரிந்துவிடும். பிரேக் டிஸ்க்குக்கும் அதன் பின்தகட்டுக்கும் இடையே சிக்கிய சிறு கல் காதைக் கிழிக்கும். ரிவர்ஸில் சிறிது தூரம் ஓட்டினால் பல நேரம் தானே விழுந்துவிடும். சைலன்ஸரின் வெப்பத் தகடு தளர்ந்து குறிப்பிட்ட என்ஜின் சுழற்சியில் மட்டும் அதிர்வது, கியர் பாக்ஸ் பழுது என்று பல முறை தவறாகக் கணிக்கப்படுவது.

எந்தச் சத்தத்துக்கு வண்டியை உடனே நிறுத்த வேண்டும்?

சக்கரத்திலிருந்து வரும் ‘டக் டக்’ ஒலியோடு ஸ்டீயரிங்கிலும் ஆட்டம் தெரிந்தால் ஓரம் கட்டி, முதலில் வீல் நட்டுகளைப் பாருங்கள். பஞ்சர் ஒட்டிய மறுநாள் வரும் சத்தத்துக்கு இதுவே காரணமாக இருப்பது அரிதல்ல. பின்சக்கர வண்டியில் இடியும் நடுக்கமும் சேர்ந்து வந்தால் ஓட்டக் கூடாது. முன்பக்க கிராஸ் உடைந்து ஷாஃப்டின் முன்முனை சாலையில் விழுந்தால், ஓடும் வண்டி அதன் மேல் ஏறித் தூக்கியடிக்கும். பேரிங் அரைபடும் சத்தத்தோடு சக்கரத்தின் நடுப்பகுதி தொட முடியாத அளவு சுட்டாலும் அங்கேயே நிறுத்த வேண்டும். வெளிப்பக்க சி.வி. ஜாயிண்டின் ‘டக் டக்’ மட்டும் என்றால் அருகிலுள்ள கடை வரை மெதுவாகப் போகலாம். வெளியூர்ப் பயணம் வேண்டாம்.

மெக்கானிக்கிடம் என்ன சொல்ல வேண்டும்?

பாகத்தின் பெயரைச் சொல்லாதீர்கள். “வீல் பேரிங் மாற்றுங்கள்” என்றால் அவர் மாற்றிவிடுவார். சத்தம் இருந்தாலும் சொன்ன வேலை முடிந்தது. எந்த வேகத்தில், எந்தக் கியரில், மிதிக்கும்போதா விடும்போதா, எந்தப் பக்கம் திரும்பும்போது, குளிர்ந்த நிலையிலா சூடான பிறகா என்று சொல்லி, டிரையல் பார்க்க அவரையும் உடன் அழைத்துச் சென்று அந்தச் சத்தத்தை எழுப்பிக் காட்டுங்கள். வேலை முடிந்த பிறகு அதே சாலையில், அதே வேகத்தில் மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக் கையால் சுற்றிப் பாருங்கள்.

சென்னையின் பழைய வண்டிப் பாகச் சந்தையான புதுப்பேட்டையில் பழைய ஆக்ஸில் அல்லது கியர் பாக்ஸ் வாங்கிப் போடலாமா?

உற்பத்தி நின்றுபோன வண்டிகளுக்குப் பல நேரம் அதுதான் வழி. தனித்தனி பற்சக்கரங்களாக வாங்காமல், பிரிக்கப்படாத முழு அமைப்பாக வாங்குங்கள். ஃபிளாஞ்சைக் கையால் சுற்றும்போது எல்லா இடத்திலும் ஒரே இறுக்கம் இருக்க வேண்டும். ஓரிடத்தில் இறுகி ஓரிடத்தில் தளர்ந்தால் வேண்டாம். ஃபிளாஞ்சை மேலும் கீழும் அசைத்தால் துளி ஆட்டமும் இருக்கக் கூடாது. எண்ணெய் வடிகட்டப்படாமல் இருந்தால் நல்லது. விரலில் தொட்டு வெளிச்சத்தில் பார்த்தால், உலோகத் துகள் கலந்திருந்தால் மினுக்கம் தெரியும். பினியனின் பற்களையும் கிரவுனின் பற்களையும் எண்ணி, அந்த விகிதம் உங்கள் வண்டியின் விகிதத்தோடு பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள். வெளித்தோற்றத்தில் ஒன்று போலவே இருக்கும் ஆக்ஸில்கள் வெவ்வேறு விகிதங்களில் வந்திருக்கின்றன. தவறான விகிதத்தைப் போட்டால் கேபிள் ஸ்பீடோமீட்டரும் தவறாகக் காட்டும், ஏற்றத்தில் வண்டி இழுக்கும் விதமும் மாறிப்போகும்.